எழுதியாயிற்றாம்

கடந்த வாரம் மொழி ஆவணமாக்கம் பற்றிய பயிலரங்கு ஒன்றில், களப்பணித் தரவை இழந்த கதையைப் பதினைந்து நிமிடம் பேசினேன். முடிந்ததும் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, கனிவாகத்தான், ஒரு கருத்தைச் சொன்னார்: இது பொறியாளர்களின் பிரச்சினை, இயங்குதளத்தின் கெர்னலுக்குள் நடப்பதை மொழியியலாளர் அறிய வேண்டிய தேவை இல்லை. அரங்கில் பலர் தலையசைத்தனர். தேநீர் இடைவேளையில் கணினி அறிவியல் ஆய்வாளர் ஒருவர் வேறு முனையிலிருந்து அதையே சொன்னார்: "சிஸ்டம் காலா? அது இரண்டு மதிப்பெண் வினா ஆயிற்றே. அதில் பேச என்ன இருக்கிறது?"

முன்னவருக்கு அது தம் துறைக்கு வெளியே கிடப்பது. பின்னவருக்கு அது தேர்வோடு முடிந்துபோனது. இரண்டு கூற்றுகளையும் மறுத்தே இதை எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

நடந்தது இது. இமயமலைச் சரிவில், திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுமொழி ஒன்றில் களப்பணி செய்கிறேன். (மொழியின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்க்கிறேன். பேசுவோர் மிகச் சிலர். யாரைக் குறிக்கிறேன் என்பது எளிதில் தெரிந்துவிடும்.) முதிய பெண்மணி ஒருவர் பதினொரு நாட்கள் என்னோடு அமர்ந்து அம்மொழியின் வினைமுற்று விகுதிகளை விளக்கினார். தான் கண்டதைச் சொல்ல ஒரு விகுதி; பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்ல வேறொன்று; தடயத்தைக் கொண்டு ஊகித்ததற்கு மற்றொன்று. கதைகளை ஒலிப்பதிவு செய்ய இசைந்தவர், விளக்கங்களைப் பதிவு செய்ய இசையவில்லை. பேரனுக்குப் பாடம் சொல்வதுபோல் சொல்லும்போது கருவி எதிரே இருந்தால் நாக்கு எழவில்லை என்றார். ஆகவே அவர் சொல்லச் சொல்ல உரைக்குறிப்புக் கருவி ஒன்றில் நேரடியாகத் தட்டச்சு செய்தேன். பொதுப்பணத்தில், ஓர் ஆய்வுத் திட்டத்துக்காகப் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கருவி அது.

பேட்டரி செத்த மடிக்கணினி, எக்ஸ்ஃபேட் முறையில் அமைந்த வெளிவட்டு, மலையூர் மின்சாரம். பதினோராம் நாள் மாலை சேமிப்புப் பொத்தானை அழுத்தினேன். சேமிக்கப்பட்டது என்னும் பொருள்பட ஒரு செய்தி பச்சை நிறத்தில் தோன்றி மறைந்தது. சில நொடிகளில் மின்சாரம் போயிற்று. மீண்டும் இயக்கியபோது கோப்பு இருந்தது. பெயர் இருந்தது. அளவு 0 பைட்.

தனிப்படி எடுத்து வைக்காதது என் பிழை. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பின்னூட்டத்தில் அதை எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு நான் சென்றபோது அந்தப் பெண்மணி ஆளை அடையாளம் காணும் நிலையில் இல்லை. கதைகளின் ஒலிப்பதிவு என்னிடம் இருக்கிறது. அவற்றிலுள்ள விகுதிகளுக்கு அவர் தந்த விளக்கம் எங்கும் இல்லை.

என் பிழையை ஒப்புக்கொண்ட பின்னும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கடைசி ஒரு நிமிடத்து உழைப்பு போயிருந்தால் அது விபத்து. பதினொரு நாள் உழைப்பும் சேர்ந்து போனது எப்படி? முதல் நாளில் எழுதியது பத்து நாட்களாக வட்டில்தானே இருந்தது? இதற்கு விடை தேடித்தான், பேராசிரியர் தலையை நுழைக்க வேண்டாம் என்று சொன்ன இடத்தில் தலையை நுழைத்தேன்.

ஒரு நிரல் தன்னளவில் கூட்டும், கழிக்கும், ஒப்பிடும், தன் நினைவகத்துக்குள் எதையேனும் இடம் மாற்றும். வட்டையோ திரையையோ வலையமைப்பையோ அது தொட முடியாது. தொடக்கூடாது என்பது நாகரிகம் கருதி வைத்த விதியன்று. ப்ராசஸரின் சிலிக்கனிலேயே பொறிக்கப்பட்ட தடை. நிரல் ஓடும்போது ப்ராசஸர் ஒரு தாழ்ந்த நிலையில் இருக்கும். அந்நிலையில் சில கட்டளைகள் செல்லா. வட்டில் எழுத வேண்டுமென்றால் நிரல் கெர்னலிடம் கேட்க வேண்டும். கேட்கும் முறை பின்வருமாறு. இன்றைய 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஓடும் லினக்ஸை எடுத்துக்கொள்வோம். நிரல் ஆர்ஏஎக்ஸ் என்னும் பதிவகத்தில் ஓர் எண்ணை வைக்கும். எழுதுவதற்கான ரைட் அழைப்புக்கு அந்த எண் 1. எந்தக் கோப்பு, நினைவகத்தில் எந்த முகவரியிலிருந்து, எத்தனை பைட் என்னும் மூன்றையும் வேறு மூன்று பதிவகங்களில் வைக்கும். பிறகு சிஸ்கால் என்னும் ஒற்றைக் கட்டளையை நிறைவேற்றும். அக்கணமே ப்ராசஸர் உயர்நிலைக்கு மாறும். கணினி எழும்போதே கெர்னல் குறித்துவைத்த முகவரிக்குத் தாவும். எந்த வாயிலில் நுழைவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நிரலுக்கு இல்லை. உள்ளே கெர்னல் ஐயத்தோடுதான் வரவேற்கும். நிரல் தந்த முகவரி உண்மையில் அந்த நிரலுக்குரியதுதானா என்று பார்க்கும். பொய்யான முகவரி என்றால் பிழை எண் 14ஐக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பும். சரியானது என்றால் தரவைத் தன் நினைவகத்துக்குப் படியெடுத்துக்கொண்டு, ஏற்றுக்கொண்ட பைட்டுகளின் எண்ணிக்கையை விடையாகத் தரும்.

இதைத் தமிழில் "முறைமை அழைப்பு" என்று பெயர்த்து வழங்குகிறோம். ஆங்கிலத்திலேயே பொருத்தமற்ற சொல்லைத் தமிழிலும் அப்படியே கொண்டுவந்திருக்கிறோம். திருமணத்துக்கு அழைக்கிறோம், தொலைபேசியில் அழைக்கிறோம், ஒரு நிரல்கூறு இன்னொரு நிரல்கூற்றை அழைக்கிறது. இவை எவற்றிலும் அழைப்பவருக்கும் அழைக்கப்படுபவருக்கும் இடையே இப்படியொரு நிலைவேறுபாடு இலக்கணமாக்கப்படவில்லை. தொல்காப்பியர் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டுகிறார். மூன்றும் ஒன்றைத் தரும்படி கேட்பனவே. தாழ்ந்தோன் உயர்ந்தோனிடம் கேட்பது ஈ. ஒப்போன் கேட்பது தா. உயர்ந்தோன் தாழ்ந்தோனிடம் கேட்பது கொடு. மனிதரை இப்படித் தரம் பிரித்த சமூகத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் இயங்குதளப் பாடத்துக்கு இதைவிடத் தெளிவான வரைபடத்தை நான் கண்டதில்லை. ஒரு நிரல் தன் நிரலகத்திலுள்ள ஒரு கூற்றை அழைப்பது தா. அதே நிரல் கெர்னலிடம் கேட்பது ஈ. கெர்னல் நிரலை நோக்கி நிறுத்து என்று சிக்கில் சமிக்ஞை அனுப்புவது கொடு. அதை மறுக்க நிரலால் இயலாது.

பைத்தானில் எழுதும் மாணவருக்கு இம்மூன்றும் ஒரே வடிவில் தெரிகின்றன: ஒரு பெயர், அடைப்புக்குறி, முற்றுப்புள்ளி போன்ற ஒரு திருப்தி. யூனிக்ஸின் பழைய கையேடு இவ்வேறுபாட்டை மறைக்கவில்லை. 1971இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே முறைமை அழைப்புகள் இரண்டாம் பிரிவிலும், சாதாரண நிரல்கூறுகள் மூன்றாம் பிரிவிலும் வைக்கப்பட்டன. இன்றைய லினக்ஸ் கையேட்டிலும் அந்த எண்கள் மாறவில்லை. ஈயும் தாவும் தனித்தனி இயல்களில் இருக்கின்றன. இயலைத் திறந்து பார்ப்போர்தாம் அருகிவிட்டனர்.

(சசூரின் மாணாக்கருக்கு ஒரு சிறு இன்பம்: அந்த எண் இடுகுறி. ரைட் அழைப்பு 64 பிட் இன்டெல்லில் 1, பழைய 32 பிட் இன்டெல்லில் 4, 64 பிட் ஆர்மில் 64. குறிக்கும் பொருள் ஒன்றே. எண்ணுக்கும் எழுதுதலுக்கும் யாதொரு இயற்கை உறவும் இல்லை. ஆனால் ஒரு கட்டமைப்பில் ஒருமுறை வழக்கில் நிலைத்த எண்ணை லினக்ஸ் மாற்றுவதில்லை. மாற்றினால் முன்பு எழுதிய நிரல்கள் யாவும் பிழைபடும்.)

இப்போது அந்தப் பச்சைச் செய்திக்கு வருகிறேன். "சேமிக்கப்பட்டது": செயப்பாட்டு வினை. எழுவாய் மறைந்திருக்கிறது. யாரால் சேமிக்கப்பட்டது? எங்கே? கண்டவர் யார்?

எஸ்ட்ரேஸ் என்றொரு கருவி லினக்ஸில் உண்டு. ஒரு நிரல் கெர்னலிடம் செய்யும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும், அதற்குக் கெர்னல் தரும் விடையையும் வரிசையாக அச்சிட்டுக் காட்டும். உரையாடல் பகுப்பாய்வு செய்தோருக்கு அது பழகிய ஆவணம்போல் இருக்கும். இருவர் மாறி மாறிப் பேசும் எழுத்துப்பெயர்ப்புதான் அது. ஊர் திரும்பியதும் அந்த உரைக்குறிப்புக் கருவியை எஸ்ட்ரேஸின் கீழ் ஓட்டினேன். நான் சேமிப்புப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கருவி மூன்றே விண்ணப்பங்களைச் செய்தது. முதலாவது ஓப்பன்அட்: கோப்பைத் திற, உள்ளிருப்பதை வெட்டியெறி. இரண்டாவது ரைட்: இதோ புதிய உள்ளடக்கம். மூன்றாவது குளோஸ்: முடிந்தது. அதன் பிறகு பச்சைச் செய்தி.

பதினொரு நாள் எங்கே போயிற்று என்பதற்கு விடை முதல் வரியிலேயே இருந்தது. ஒவ்வொரு சேமிப்பின்போதும் அந்தக் கருவி பழையதை முழுவதும் அழித்துவிட்டுத்தான் புதியதை எழுதுகிறது. பழையது போய்விட்ட, புதியது இன்னும் வட்டைச் சேராத ஓர் இடைவெளி ஒவ்வொரு முறையும் பிறக்கிறது. பத்து நாட்களாக நான் அந்த இடைவெளியை அறியாமலே தாண்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் ரைட் வெற்றி பெற்றதே? கேட்ட பைட் எண்ணிக்கை அத்தனையும் விடையாகத் திரும்பி வந்ததே? இங்கேதான் நம் துறையின் கல்வி உதவிக்கு வர வேண்டும். ரைட் வெற்றியோடு திரும்பினால் பொருள் இவ்வளவே: உன் தரவைக் கெர்னல் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டது. வட்டுக்கு அது எப்போது போகும் என்பது கெர்னலின் வசதியைப் பொறுத்தது. லினக்ஸின் இயல்பான அமைவில், வாங்கி வைத்த பக்கம் 30 நொடி பழையதாகும் வரை காத்திருக்கலாம்; அத்தகைய பக்கங்களைத் தேடும் பணி 5 நொடிக்கு ஒருமுறை எழும். ரைட் அழைப்பின் கையேட்டுப் பக்கமே, வெற்றியோடு திரும்புவது தரவு வட்டில் பதிந்ததற்கான உறுதி ஆகாது என்று வெளிப்படையாகச் சொல்கிறது. குளோஸும் அவ்வாறே. வட்டில் பதிந்ததா என்று அறிய வேண்டுமானால் எஃப்சிங்க் என்னும் வேறொரு விண்ணப்பத்தைச் செய்ய வேண்டும். வட்டிலிருந்து விடை வரும் வரை அது திரும்பாது.

தமிழில் "மழை பெய்தது" என்பதற்கும் "மழை பெய்ததாம்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இளங்கலை முதலாண்டிலேயே கற்பிக்கிறோம். "ஆம்" என்னும் அந்த ஓரசை, சொல்பவர் தாம் கண்டதற்குப் பொறுப்பேற்கவில்லை, பிறர் சொன்னதைச் சொல்கிறார் என்பதைக் குறிக்கிறது. எஃப்சிங்க் வெற்றியோடு திரும்பினால் "எழுதியாயிற்று" எனலாம். ரைட் மட்டும் திரும்பினால் நேர்மையான நிரல் ஒன்று "எழுதியாயிற்றாம்" என்றுதான் சொல்ல முடியும். அந்தக் கருவி கேள்விப்பட்டதைக் கண்டதாகச் சொல்லிற்று. அது சேமிக்கத் தவறியதோ, அந்தப் பெண்மணி பதினொரு நாள் எனக்குக் கற்பித்த அதே இலக்கண வேறுபாடு. இதில் உள்ள முரணை எனக்குச் சுட்டிக்காட்ட வேண்டாம்; அதை நினைத்துச் சிரிக்கும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை.

சரி, களப்பணியாளர் எழுதிய சிறு கருவி. தவறு நேர்வது இயல்பு என்பீர்கள். பெரியவர்களும் இங்கே இடறியிருக்கிறார்கள். 2009இல், ஈஎக்ஸ்டி4 என்னும் கோப்பு முறைமை பரவத் தொடங்கிய காலத்தில், லினக்ஸ் பயனர் சிலர் கணினி திடீரென நின்று மீண்டும் எழுந்தபோது தம் அமைவுக் கோப்புகள் 0 பைட்டாக இருக்கக் கண்டனர். முந்தைய ஈஎக்ஸ்டி3 முறைமை, தன் உள்ளமைப்பின் காரணமாக, ஐந்து நொடிக்கொருமுறை தரவை வட்டில் சேர்த்துவந்தது. புதியதோ இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. அதை உருவாக்கியோருள் முதன்மையானவரான தியோடர் ட்சோவின் நிலைப்பாடு: நிரலாளர் எஃப்சிங்க் செய்திருக்க வேண்டும், போசிக்ஸ் தரநிலை வேறெதையும் உறுதியளிக்கவில்லை. நிரலாளர் தரப்பின் நிலைப்பாடு: இத்தனை ஆண்டுகளாக இது நடந்ததே. தமிழிலக்கணம் வெளிப்படை என்றும் குறிப்பு என்றும் பொருளை இரண்டாகப் பிரிக்கும். தரநிலை வெளிப்படையாகச் சொல்லாத ஒன்றை, நெடுநாள் வழக்கைக் கண்டு நிரலாளர் குறிப்பாற் கொண்டிருந்தனர். ட்சோ இறுதியில் வழக்குக்கு ஓரளவு இணங்கினார். கோப்பை வெட்டி எழுதுவதையும் பெயர் மாற்றிப் பழையதன் இடத்தில் வைப்பதையும் அடையாளம் கண்டு உடனே வட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு ஈஎக்ஸ்டி4இல் சேர்ந்தது. அந்த இரக்கம் அந்தக் கோப்பு முறைமைக்கு மட்டும் உரியது. என் வெளிவட்டின் எக்ஸ்ஃபேட் அதில் பங்காளி இல்லை.

2018இல் நடந்தது இன்னும் கலக்கமூட்டுவது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் எஃப்சிங்கை முறையாகச் செய்துவந்தது. எஃப்சிங்க் தோற்றால் மீண்டும் கேட்டால் போதும் என்பது அதை உருவாக்கியோர் பல்லாண்டுகளாகக் கொண்டிருந்த எண்ணம். லினக்ஸோ, வட்டில் எழுத இயலாமற் போன பக்கத்தையும் தூய பக்கம் என்று குறித்துவிட்டு, பிழையை ஒருமுறை மட்டும் சொன்னது. மீண்டும் கேட்டால் எழுத எதுவும் மீதமில்லை; எனவே வெற்றி என்றது. முதன்முறை பொய் சொல்லவில்லை, இரண்டாம் முறையும் பொய் சொல்லவில்லை. கேட்டவர் வினாவின் பொருளைத் தவறாக விளங்கிக்கொண்டிருந்தார். தீர்வு என்ன தெரியுமா? எஃப்சிங்க் தோற்றால் தரவுத்தளம் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு, தன் நாட்குறிப்பிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுக்க வேண்டும். ஆப்பிளின் மேக் இயங்குதளத்திலோ எஃப்சிங்க் வட்டின் சொந்தத் தற்காலிக நினைவகத்தைத் தாண்டியதற்கு உறுதி தருவதில்லை. அதற்கென வேறொரு விண்ணப்பம் தனியாக உண்டு. ஆகவே "எழுதியாயிற்று" என்பதும்கூட இயங்குதளத்துக்கு இயங்குதளம் வேறு அளவில்தான் உறுதியானது. இது இரண்டு மதிப்பெண்ணில் முடிகிற செய்தியா என்பதைக் கணினித் துறை நண்பர் சொல்லட்டும்.

அவர் துறையின் மீது எனக்குள்ள மனக்குறையை மறைக்கப் போவதில்லை. நம் கல்லூரிகளில் பலரும் பயிலும் கால்வின் புத்தகத்தில் முறைமை அழைப்புகளை ஆறு வகையாகப் பகுத்திருப்பார்கள். மாணவர் அந்த ஆறையும் ஒப்பிக்கிறார். மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி, நடுவில் அம்புக்குறி வரைகிறார். மதிப்பெண் பெறுகிறார். கெர்னல் தரும் விடை ஒரு சொல். அதற்குப் பொருள் உண்டு. அப்பொருள் நாம் நினைப்பதைவிடக் குறுகியது என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. கேட்ட ஆயிரம் பைட்டில் அறுநூறை மட்டும் ஏற்றுக்கொண்டு ரைட் வெற்றியோடு திரும்பலாம் என்பதை அறியாமலே பட்டம் பெற்று, நமக்கான கருவிகளை எழுத வருகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெட்டியும் அம்பும் வரையச் சொன்னவர்களைத்தான் சொல்கிறேன்.

என் துறையின் மீதுள்ள குறை இதைவிடப் பெரிது. உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி அலைந்ததைப் போற்றாத தமிழ் மாணவர் இல்லை. ஓலை முறிந்திருக்கிறதா, செல்லரித்திருக்கிறதா, படியெடுத்தவர் எங்கே பிழைத்தார் என்றெல்லாம் ஆராய்வது பாடத் திறனாய்வு. அது நம் தலையாய பணி என்கிறோம். ஓலை பற்றிய அறிவு தச்சருக்குரியது என்று யாரும் சொன்னதில்லை. அதே நாம் வட்டு என்று வந்ததும் அது பொறியாளரின் பணி என்று கைகழுவுகிறோம். இன்று ஒரு மொழியின் ஒரே எழுத்துச் சான்று ஒரு கோப்பாக இருக்கும்போது, அந்தக் கோப்பு உண்டான விதம் பாட வரலாற்றின் பகுதி இல்லையா?

கெர்னல் மொழியை அறியாது என்பதும் நாம் அறிய வேண்டிய செய்திதான். லினக்ஸ் கெர்னலுக்குக் கோப்பின் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. சாய்கோடும் வெற்றுப் பைட்டும் கூடாது, மற்றெதுவும் ஆகலாம். பெரும்பாலான கோப்பு முறைமைகளில் நீளம் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு அது 255 எழுத்து. யூடிஎஃப்-8 குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட் கொள்வதால் நமக்கு 85 புள்ளிகளே. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே கணக்கில் சேரும். ஆகவே எழுத்தெண்ணிக்கை இன்னும் குறையும். கதையின் தலைப்பையும் சொன்னவர் ஊரையும் நாளையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்கும் நம் வழக்கம் எத்தனை விரைவில் அந்த எல்லையை முட்டும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். முட்டினால் கெர்னல் பிழை எண் 36ஐத் தரும். கருவி அதைப் பார்க்காமல் விட்டால் பச்சைச் செய்தி வழக்கம்போல் வரும்.

இன்னொன்று. "கொற்றவை" என்னும் பெயரில் உள்ள ஒகரக் குறியை யுனிக்கோடில் ஒரே புள்ளியாகவும் எழுதலாம்; எகரக் குறி, கால் என இரு புள்ளிகளாகவும் எழுதலாம். முன்னது 21 பைட், பின்னது 24 பைட். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கு அவை இரு வேறு கோப்புகள். மேக்கின் பழைய கோப்பு முறைமையோ பெயர்களைப் பிரித்த வடிவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளும். மேக் வைத்திருக்கும் நெறியாளரும் லினக்ஸ் வைத்திருக்கும் மாணவரும் ஒரே தொகுப்பைப் பகிர்ந்துகொண்டால் என்ன நேரும்? ஓப்பன் அழைப்பு "அப்படியொரு கோப்பு இல்லை" என்று திரும்பும். கோப்போ திரையில் கண்ணெதிரே இருக்கும். இதைத் தீர்க்கப் பொறியாளர் வருவார் என்று காத்திருந்தால், அவர் முதலில் நம்மிடம்தான் கேட்பார்: "கொ" என்பது ஓர் எழுத்தா, இரண்டா, மூன்றா?

என் பேச்சுக்கு எழுந்த எதிர்வாதங்களில் மூன்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எஃப்சிங்க் வேகத்தைக் குறைக்கும் என்றார் ஒருவர். உண்மை. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிநொடி ஆகும். ஒரு எஃப்சிங்குக்குச் சில சுற்றுகள் ஆகட்டும். நொடிக்குப் பல்லாயிரம் பரிமாற்றம் செய்யும் வங்கிக்கு அது பெருஞ்செலவு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்தும் களப்பணியாளருக்கு? மேகச் சேமிப்பு இருக்கிறதே என்றார் மற்றொருவர். அந்த ஊரில் இணையம் இல்லை. இருந்தாலும், மேகம் என்பது வேறொருவர் அறையிலுள்ள கணினி. அதுவும் இதே விண்ணப்பங்களைத்தான் செய்கிறது. எல்லாரும் எல்லாவற்றையும் அறிந்திருக்க முடியாது என்பது மூன்றாவது. அதை முழுமையாக ஏற்கிறேன். கெர்னலை எழுதச் சொல்லவில்லை. அதன் மூலநிரலைப் படிக்கவும் சொல்லவில்லை. நம் கருவி நமக்காகக் கேட்பது என்ன, பெறும் விடை என்ன என்பதை வாழ்நாளில் ஒருமுறை எஸ்ட்ரேஸில் பார்க்கச் சொல்கிறேன். தகவலாளர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொன்னார் என்று சோதிக்காமல் எந்த ஆய்வேட்டையும் நாம் ஏற்பதில்லை.

செய்ய வேண்டியது பெரிதும் இல்லை. பொதுப்பணத்தில் எழுதப்படும் எந்த ஆவணக் கருவியும் புதிய உள்ளடக்கத்தை முதலில் வேறொரு தற்காலிகப் பெயரில் எழுத வேண்டும். ரைட் தரும் எண்ணைக் கேட்ட எண்ணோடு ஒப்பிட வேண்டும். குறைந்தால் மீதியை எழுத வேண்டும். பிறகு எஃப்சிங்க். அதன் பிறகே ரீநேம் செய்து பழைய கோப்பின் இடத்தில் வைக்க வேண்டும். பெயர் மாற்றம் அடைவில் பதிவதால் அடைவுக்கும் ஒரு எஃப்சிங்க் வேண்டும். கோப்பின் எஃப்சிங்க் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. இவ்வளவும் முடிந்த பிறகு பச்சைச் செய்தியைக் காட்டலாம். பைத்தானில் இது பத்துப் பதினைந்து வரி. பைத்தானுக்கென ஓர் எச்சரிக்கை: ஃப்ளஷ் என்பது நிரலின் இடையகத்திலிருந்து கெர்னல் வரைக்கும்தான் கொண்டுசேர்க்கும். பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள். நானும் நின்றிருக்கிறேன்.

அந்த உரைக்குறிப்புக் கருவியை உருவாக்கிய குழுவுக்கு எஸ்ட்ரேஸ் பதிவையும் திருத்திய வரிகளையும் அனுப்பி ஏழு மாதமாகிறது. திட்டக் காலம் முடிந்துவிட்டதால் இனி மாற்றம் செய்ய இயலாது என்று ஒரு விடை வந்தது. அதே கருவியை இன்றும் குறைந்தது மூன்று துறைகளில் மாணவர் பயன்படுத்துவதை நேரில் கண்டிருக்கிறேன், கேள்விப்பட்டதைச் சொல்லவில்லை.

திருத்திய வடிவம் என்னிடம் இருக்கிறது. வேண்டுவோர் உள்பெட்டியில் எழுதுக. வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு எங்கள் துறை வாசிப்பறையில் அவரவர் பயன்படுத்தும் கருவிகளை எஸ்ட்ரேஸின் கீழ் ஓட்டிப் பார்க்கப் போகிறோம். மடிக்கணினியும், இழந்தாலும் பரவாயில்லை என்னும் ஒரு பழைய பென்டிரைவும் கொண்டுவாருங்கள். நடுவில் அதைப் பிடுங்கிப் பார்ப்போம். பேராசிரியரையும் அழைத்திருக்கிறேன். வருவாராம்.